பந்தய பக்கியின் வயரிங்: எங்கே தளர்வு வேண்டும், எங்கே கூடாது

ரேடியோ அலையால் தூரத்திலிருந்து இயக்கும் சிறு வண்டியான ஆர்.சி. பந்தய பக்கியின் பாடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவை ஐந்தாறு பெட்டிகளும் பத்துப் பன்னிரண்டு வயர்களும்தான். அந்தப் பெட்டிகளோடு வரும் வயர்கள் எந்த மாடல் வண்டிக்கும் எட்ட வேண்டும் என்று நீளமாகவே வருகின்றன. உங்கள் வண்டிக்கு அதில் பாதி போதும். மிஞ்சியதைச் சுருட்டி, டேப் ஒட்டி, பாடியைப் போட்டு மூடினால் வண்டி ஓடத்தான் செய்யும். நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு அந்தச் சுருளின் ஒரு மடிப்பு ஸ்பர் கியரில் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) உரச ஆரம்பிக்கும். அல்லது ஒரு பெரிய தாவலில் இறங்கிய அதிர்ச்சியில் சென்சர் வயர் பாதி கழன்று, மோட்டார் திக்கித் திக்கிச் சுற்றும்.

1/10 அளவு மின்சார பக்கியை, அதிலும் பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகையை மனதில் வைத்து இங்கே விளக்குகிறோம். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்கும் இதே முறைதான். அதில் நடுவே ஓடும் டிரைவ் ஷாஃப்ட் அல்லது பெல்ட்டை வயர்கள் தொடாமல் பார்த்துக்கொள்வது கூடுதல் வேலை.

வயரிங்குக்கு ஒரே ஒரு விதியை மனதில் பதித்துக்கொண்டால் போதும். அசைவு இருக்கும் இடத்தில் தளர்வு விட வேண்டும், அசையாத இடத்தில் விடக் கூடாது. பக்கிக்குள் வயர் சம்பந்தப்பட்ட அசைவு மூன்று இடங்களில்தான் இருக்கிறது: பினியனை (மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரம்) வேறு அளவுக்கு மாற்றும்போது நகரும் மோட்டார், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கழற்றி மாட்டும் பேட்டரி முனை, மோதும்போது சற்றே அசைந்து கொடுக்கும் சர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டி). மற்ற எல்லாமே சேஸிஸோடு ஒட்டிக் கிடப்பவை. அங்கே மிச்சமாக விடும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் எதிலாவது மாட்டிக்கொள்ளத்தான் உதவும்.

யார் யாருக்கு வயர் போகிறது

பேட்டரியிலிருந்து இரண்டு தடித்த வயர்கள் ஈஎஸ்சிக்குப் போகின்றன. ஈஎஸ்சி என்பது வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதிலிருந்து ஏ, பி, சி என்று மூன்று தடித்த வயர்கள் மோட்டாருக்குப் போகின்றன. ரோட்டர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மோட்டார் ஒரு மெல்லிய சென்சர் கேபிள் வழியாக ஈஎஸ்சிக்குத் தெரிவிக்கிறது. அந்தக் கேபிளுக்குள் ஆறு இழைகள்: மூன்று நிலை உணரிகளுக்கு, ஒன்று வெப்ப அளவுக்கு, இரண்டு மின்சாரத்துக்கு. ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு (ரேடியோ சிக்னல் வாங்கும் பெட்டி) ஒரு மூன்றிழை வயர் போகிறது. ரிசீவரிலிருந்து சர்வோவுக்கு அதே மாதிரி இன்னொன்று.

ரிசீவருக்குத் தனி பேட்டரி கிடையாது. ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஈசி என்ற சுற்று, பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பெரும்பாலும் 6 முதல் 7.4 வோல்ட்டுக்குள் நிலைப்படுத்தி, அந்த மூன்றிழை வயரின் சிவப்பு இழை வழியாக அனுப்புகிறது. சர்வோவும் டிரான்ஸ்பாண்டரும் (சுற்று நேரம் கணக்கிட உதவும் சிறு பெட்டி) குடிப்பது அதே மின்சாரத்தைத்தான். ஆகவே ஈஎஸ்சிக்கும் ரிசீவருக்கும் இடையிலான அந்த ஒற்றைப் பிளக் ஆடினால் முழு வண்டியும் செத்துப்போகும்.

முதலில் இடம், பிறகுதான் சால்டர்

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது வயரிங்குக்கு அப்படியே பொருந்தும். பெட்டிகளின் இடம் சரியாக அமைந்துவிட்டால் வயர்கள் தாமாகவே குட்டையாகிவிடும். இடம் தவறினால் எவ்வளவு அழகாக சால்டர் (ஈயப் பற்றவைப்பு) வைத்தாலும் வயர்கள் குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஓடும். எனவே எதையும் ஒட்டாமல், மோட்டாரையும் பேட்டரியையும் சர்வோவையும் அவற்றின் இடத்தில் பொருத்திவிட்டு, ஈஎஸ்சியையும் ரிசீவரையும் கையால் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இந்த விளையாட்டுக்கு அரைமணி நேரம் செலவானாலும் தகும்.

மோட்டாரின் வயர் முனைகள் பினியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். ஈஎஸ்சியை அந்தப் பக்கத்தில் வைத்தால் மூன்று மோட்டார் வயர்களும் மோட்டாரைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, ஸ்பர் கியர் பக்கமே போக வேண்டியதில்லை. ரிசீவரை எதிர்ப்பக்கம், முடிந்தவரை முன்னால், சர்வோவுக்கு அருகே வையுங்கள். இப்படி வைத்தால் ரேடியோ சிக்னல் வாங்கும் பெட்டி, அதிக ஆம்பியர் ஓடும் வயர்களிடமிருந்து தானாகவே விலகிவிடும்.

எடையும் இங்கேதான் தீர்மானமாகிறது. ரிசீவர் 10 கிராம் அளவுதான். ஈஎஸ்சியோ வயர்களும் கெப்பாசிட்டரும் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உருளை) சேர்ந்து அதைப்போலப் பல மடங்கு கனக்கும். பேட்டரியைப் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் நடுக்கோட்டில் இரு கூர்முனைகளின்மேல் தாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் மெல்லிய எடைத் துண்டு ஒட்டிச் சரிசெய்யலாம். ஆனால் ஈஎஸ்சியை 5 மி.மீ. நடுப்பக்கம் நகர்த்துவது அதைவிட நல்லது, எடை கூடாது. வயருக்கும் எடை உண்டு. 12 ஏ.டபிள்யூ.ஜி. (வயர் தடிமனைக் குறிக்கும் அளவு) வயரில் 10 சென்டிமீட்டருக்குச் செம்பு மட்டுமே கிட்டத்தட்ட 3 கிராம். ஐந்து வயரிலும் 5 சென்டிமீட்டர் குறைத்தால் 7 கிராமுக்கு மேல் செம்பு போய்விடும்.

இடம் முடிவானதும் இரண்டு சோதனை. பாடியை மேலே வைத்து அழுத்தாமல் உட்காருகிறதா பாருங்கள். பந்தய பக்கியின் பாடி ஓரங்களில் மிகத் தாழ்வாக இறங்கும், ஈஎஸ்சியின் ஃபேன் அங்கேதான் இடிக்கும். அடுத்து, பேட்டரியை வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள். எந்த வயரையும் ஒதுக்காமல் அது முடிய வேண்டும்.

வயரின் தடிமன்

12, 13, 14 ஏ.டபிள்யூ.ஜி. என்று மூன்று அளவுகள் புழக்கத்தில் உள்ளன. எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். புதியவர்கள் இதைப் பற்றித் தேவைக்கு மேல் கவலைப்படுவதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 5.2 மில்லியோம், 14 வயருக்குச் சுமார் 8.3. பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவே போக வர மொத்தம் 20 சென்டிமீட்டர் வயர் என்றும், முழு வேகத்தில் 60 ஆம்பியர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், 12 வயரில் இழப்பு 0.06 வோல்ட், 14 வயரில் 0.1 வோல்ட். வித்தியாசம் 0.04 வோல்ட். ஒரே ஒரு மோசமான சால்டர் இணைப்பு இதைவிட அதிகம் விழுங்கிவிடும்.

ஆகவே 17.5 டர்ன், 13.5 டர்ன் போன்ற மோட்டார்களுக்கு (டர்ன் என்பது மோட்டார் சுருளின் சுற்று எண்ணிக்கை, அது குறையக் குறைய வேகம் கூடும்) 13 அல்லது 14 போதும், வளைக்கவும் எளிது. 6.5, 7.5 டர்ன் போன்ற வேகமான மோட்டார்களுக்கு 12 எடுங்கள். எந்த அளவானாலும் சிலிகோன் உறை உள்ள வயர்தான் வேண்டும். அதற்குள் தலைமுடி போன்ற நூற்றுக்கணக்கான இழைகள் இருப்பதால் அதிர்வில் முறியாது. 12 அளவில் 0.08 மி.மீ. தடிப்பில் 680 இழைகள் இருப்பது பரவலான வகை. உறை சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் சால்டர் வைக்கும்போது உருகிப் பின்வாங்காது. சாதாரண பி.வி.சி. வயரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

நீளத்தில் ஒரு நுட்பம் உண்டு. பேட்டரி வயரையோ மோட்டார் வயரையோ ஒன்றை நீளமாக விட்டே ஆக வேண்டும் என்றால், மோட்டார் வயரை நீட்டுங்கள். ஈஎஸ்சி மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. பேட்டரி வயர் நீள நீள அதன் தூண்டல் கூடுகிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் எழும் மின்னழுத்தக் குதிப்பைக் கெப்பாசிட்டர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அது சூடேறி, உப்பி, கடைசியில் ஈஎஸ்சியையும் கொண்டுபோய்விடும்.

அளப்பது, வெட்டுவது

மூன்று மோட்டார் வயர்களும் ஒரே நீளம் இல்லை. முனைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். பழைய வயர்த் துண்டு ஒன்றை எடுத்து, ஈஎஸ்சி முனையிலிருந்து மோட்டார் முனை வரை உண்மையில் போகப்போகும் வழியிலேயே வளைத்து வைத்து, இரு முனையிலும் பேனாவால் குறியுங்கள். நூல் வேண்டாம். தடித்த வயர் நூலைப்போல மூலையில் மடங்காது, அகலமாகத்தான் வளையும்.

மோட்டார் நகர்வதற்கு எவ்வளவு தளர்வு? 48 பிட்ச் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) கியரில் பினியனுக்கு ஒரு பல் கூடினால் மோட்டார் 0.26 மி.மீ. மட்டுமே நகரும். ஒரு பருவம் முழுக்க ஆறு பல் வரை மாற்றினாலும் 1.6 மி.மீ. தான். ஸ்பர் கியரையும் மாற்றுவீர்கள் என்று வைத்தாலும் 5 மி.மீ. தளர்வு தாராளம். பலர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 3 சென்டிமீட்டர் விடுகிறார்கள். அந்த மிச்சம் எங்கே போவது என்று தெரியாமல் மேலே எழும்பி பாடியில் உரசும்.

ஆக, அளந்த நீளம், 5 மி.மீ. தளர்வு, உறை உரிக்க இரு முனையிலும் 4 மி.மீ. இதை வெட்டிவிட்டு வயரை இடத்தில் வைத்துப் பாருங்கள். நீளமாக இருந்தால் இன்னொரு முறை வெட்டலாம். முதலில் மிக நீளமான வயரை வெட்டுங்கள். தவறிக் குட்டையாகிவிட்டால் அடுத்த வயருக்காவது ஆகும்.

ஈஎஸ்சியில் ஏ, பி, சி வரிசையும் மோட்டாரில் உள்ள வரிசையும் நேர் எதிராக அமைந்து வயர்கள் ஒன்றையொன்று கடக்க வேண்டி வரலாம். கடக்கும் இடம் ஈஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் நடுவே, சேஸிஸ் தட்டையாக இருக்கும் பகுதியில், ஒரே இடத்தில் இருக்கட்டும். நடு வயர் நேராகப் போகட்டும், மற்ற இரண்டும் அதன் மேலும் கீழுமாகக் கடக்கட்டும். கடப்பதைத் தவிர்க்க இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சென்சர் இல்லாத மோட்டாரில் அப்படி மாற்றினால் சுற்றும் திசை மட்டும் மாறும். சென்சர் மோட்டாரில் சென்சர் சொல்வதும் வயர் செய்வதும் முரண்பட்டு, மோட்டார் அதிர்ந்து நிற்கும், ஈஎஸ்சி கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. ஏ ஏவோடு, பி பியோடு, சி சியோடு. திசை மாற வேண்டுமானால் ஈஎஸ்சியின் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பெட்டியில் அச்சடித்த எழுத்தைப் பாருங்கள்.

சால்டர்

தொடக்கக்காரர்கள் சால்டரில் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கை நடுக்கம் இல்லை, சால்டரிங் அயர்னில் சூடு போதாததுதான். தடித்த வயரும் பித்தளை முனையும் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு நின்றால், உருகுவதற்கு முன் அரைநிமிடம் போய்விடும். அதற்குள் சூடு மோட்டாருக்குள் இறங்கி சென்சர் பலகையைத் தாக்கும். 60 வாட்டுக்குக் குறையாத, வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய அயர்ன், 5 மி.மீ. அகல உளி முனை, 400 டிகிரி செல்சியஸ். அதிகச் சூட்டில் குறைந்த நேரம் தொடுவதுதான் பாதுகாப்பு. சால்டர் கம்பி 63/37 ஈயக் கலவையாக இருந்தால் 183 டிகிரியில் பளிச்சென்று உருகி, பிசுபிசு நிலையே இல்லாமல் உறைந்துவிடும். பழகுகிறவருக்கு இதைவிட உதவியான கலவை இல்லை. ஈயம் என்பதால் சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

பேட்டரி வண்டியில் இருக்கக் கூடாது. வயர் முனையை 4 மி.மீ. உரித்து, இழைகளை விரலால் முறுக்கி, ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) தடவி, சால்டரை உள்ளே ஊறவிடுங்கள். ஈஎஸ்சி அல்லது மோட்டாரின் முனையிலும் தனியே ஒரு சிறு மேடாகச் சால்டர் ஏற்றுங்கள். பிறகு வயரை அந்த மேட்டின்மேல் வைத்து, மேலிருந்து அயர்னால் அழுத்தினால் இரண்டும் இரண்டு மூன்று விநாடிக்குள் ஒன்றாகக் கலந்துவிடும். அயர்னை எடுத்தபின் வயரை ஆட்டாமல் ஐந்து விநாடி பிடித்திருங்கள். உறையும் நேரத்தில் ஆடினால் உள்ளே விரிசல் விழும். நல்ல இணைப்பு பளபளப்பாக, இழைகளின் வடிவம் மேலே மங்கலாகத் தெரியும்படி இருக்கும். ஈயக் கலவையில் மங்கலாக, மணல் மணலாக, உருண்டையாகத் தெரிந்தால் திரும்பச் செய்யுங்கள். ஈயமில்லாக் கலவையானால் நல்ல இணைப்பும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

முனையில் வயர் எந்தத் திசையில் படுக்கிறது என்பதை சால்டர் வைப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள். வயர் தான் போக வேண்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு உறைய வேண்டும். தவறான திசையில் உறைந்த வயரை வளைத்துத் திருப்பினால், சால்டர் ஊறி விறைத்த பகுதி முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் அந்த எல்லையில்தான் முழுச் சுமையும் விழும். ஆர்.சி. வயர்கள் முறியும் இடம் அநேகமாக அதுதான். உறைக்குள் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. உரிப்பதை 4 மி.மீ. என்று குறைவாக வைப்பதற்கும், சால்டரை அளவாக ஊறவிடுவதற்கும் காரணம் இதுவே.

பேட்டரி முனைக்கு 4 அல்லது 5 மி.மீ. புல்லட் கனெக்டர் (பேட்டரியின் துளையில் செருகும் உருளை முனை). மரக்கட்டையில் துளை போட்டு அதில் புல்லட்டைச் செருகி வையுங்கள். இடுக்கியில் பிடித்தால் சூட்டை இடுக்கி குடித்துவிடும். வயரை புல்லட்டுக்குச் செங்கோணமாகச் சால்டர் வைத்தால் பாடிக்குக் கீழே உயரம் மிச்சமாகும். இங்கே தளர்வு தாராளமாகவே வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விரல் நுழைத்து மாட்டப்போகிறீர்கள்.

எதிர்முனை (நெகட்டிவ்) வயரை பேட்டரியில் உள்ள அதன் துளைக்கு மட்டுமே எட்டும் அளவுக்குக் குட்டையாக வெட்டுவது ஒரு நல்ல பழக்கம். அவசரத்தில் தவறான துளையில் செருக நினைத்தாலும் எட்டாது. மாற்றிச் செருகினால் ஈஎஸ்சி ஒரு நொடியில் எரிந்துவிடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆனால் பேட்டரியையே தலைகீழாக வைத்துவிட்டால் இந்த ஏற்பாடு உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். அதனால் பேட்டரியின் முன்பக்கம் எது என்று பெரிய அம்புக்குறி போட்டு வையுங்கள், புல்லட்டின் அருகே சிவப்பு, கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள்.

கெப்பாசிட்டர்

ஈஎஸ்சியின் பேட்டரி முனைகளில் தொங்கும் உருளை. அதன் உறையில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. மாற்றி இணைத்தால் வெடிக்கும். அதன் கால்கள் மெல்லியவை, ஒவ்வொரு தாவலிலும் ஆடினால் முறிந்துவிடும். முறிந்தாலும் வண்டி ஓடும், ஈஎஸ்சி மட்டும் சீக்கிரம் செத்துப்போகும். காரணம் தெரியாமல் இன்னொரு ஈஎஸ்சி வாங்குவீர்கள். எனவே உருளையை ஈஎஸ்சியின் பக்கவாட்டிலோ சேஸிஸிலோ டேப் போட்டு அசையாமல் ஒட்டுங்கள். வெளியே தெரியும் கால்களுக்கு ஹீட் ஷ்ரிங்க். அலுமினியமும் கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும் என்பதை மறக்க வேண்டாம். வெறும் கால் சேஸிஸைத் தொடக் கூடாது.

மெல்லிய வயர்கள்

சென்சர் கேபிள் பல நீளங்களில் தனியாகக் கிடைக்கிறது. பெட்டியில் வந்ததை மடிப்பதற்குப் பதில், அளந்து, சரியான நீளத்தில் ஒன்றை வாங்கிவிடுங்கள். அதை வெட்டி ஒட்டுவது தொடக்கக்காரர் செய்யக்கூடிய வேலை இல்லை. மோட்டார் வயர்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டாமல், கொஞ்சம் தள்ளி அதன் வழியில் விடுங்கள். மோட்டாருக்குள் செருகும் இடத்துக்கு முன்பு ஒரு சிறு வளைவு இருக்கட்டும். கழற்றும்போது இழைகளைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் முனையைப் பிடியுங்கள், ஒரு சாமணம் இருந்தால் சுலபம்.

சர்வோ வயரைக் குட்டையாக்க இரண்டு வழி. வெட்டி, முனைக்குப் புதிய பின்களை அழுத்துவது ஒன்று. அதற்குச் சரியான கிரிம்ப் கருவி வேண்டும், சாதாரண இடுக்கியால் அழுத்திய பின் சில நாளில் தளரும். உத்தரவாதமும் போய்விடலாம். முதல் வண்டிக்கு இரண்டாவது வழியே போதும்: மிச்சத்தை 3 சென்டிமீட்டர் நீளத்தில் முன்னும் பின்னுமாக மடித்து, ஹீட் ஷ்ரிங்க் துண்டு ஒன்றால் கட்டி, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் இடையே படுக்க வையுங்கள். சர்வோவை விட்டு வெளிவரும் இடத்தில் மட்டும் ஒரு விரல்நுனி அளவு தளர்வு. திசைதிருப்பும் கம்பிகளும் சர்வோ கையும் இருபுறமும் முழுக்கத் திரும்பும்போது வயரை நெருங்கவே கூடாது.

ரிசீவரில் முதல் சேனல் திசைக்கு, இரண்டாவது வேகத்துக்கு. பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் செருக வேண்டும் என்று ரிசீவரிலேயே குறி இருக்கும், கறுப்பு அல்லது பழுப்பு இழை எதிர்முனை.

ஆன்டெனாவில் முக்கியமானது உறை நீங்கிய கடைசி 31 மி.மீ. மட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 125 மி.மீ., அதில் கால்பங்கு அது. அந்தப் பகுதியை வெட்டவோ மடிக்கவோ சுருட்டவோ கூடாது. ஆன்டெனா குழாய்க்குள் செங்குத்தாக, கார்பன் பாகங்களுக்கும் மோட்டார் வயர்களுக்கும் எட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள உறையிட்ட பகுதி வெறும் இணைப்பு வயர்தான், அதை வளைக்கலாம்.

டிரான்ஸ்பாண்டர் தடத்துக்கு அடியில் புதைத்த வயர் வளையத்துக்குச் சிக்னல் அனுப்புகிறது. அதற்கும் தரைக்கும் நடுவே கார்பனோ உலோகமோ வராத இடம் பாருங்கள். ஃபேனின் மின்னழுத்தத்தையும் அதைச் செருகும் இடத்தின் மின்னழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். 5 வோல்ட் ஃபேனை 7.4 வோல்ட்டில் ஓட்டினால் நன்றாகவே சுற்றும், ஆனால் சீக்கிரம் தேயும்.

ஒட்டுவதும் கட்டுவதும்

1 மி.மீ. தடிப்புள்ள இரட்டைப் பக்க அக்ரிலிக் நுரை டேப். ஒட்டும் இரு பரப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, அரைநிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இந்த வகை டேப் முழு வலிமை பெற மூன்று நாள் வரை ஆகும். பந்தயத்துக்கு முந்தைய இரவு ஒட்டும் பலருக்கு ஈஎஸ்சி கழன்று தொங்குவதன் ரகசியம் துடைக்காததும் இந்த அவசரமும்தான்.

வயர்களைக் கட்ட பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை மிருதுவாக மட்டும் இழுங்கள். சிலிகோன் உறை மென்மையானது, இறுக்கினால் அறுபடும். சேஸிஸில் ஒட்டும் சிறு வயர் கிளிப்புகள் இன்னும் நல்லவை. பேட்டரி வயர் ஜோடிக்கு ஒன்று, மோட்டார் வயர்களுக்கு ஒன்று, அவ்வளவு போதும். வயர் வலைக்குழாய் போட்டால் பார்க்க அழகு, ஆனால் உள்ளே உறை கிழிந்தால் தெரியாது. தடித்த வயர்களுக்கு அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பேட்டரி மாட்டும் முன்

மல்டிமீட்டரை, தொடும் இரு இடங்களும் இணைந்திருந்தால் ஒலிக்கும் பீப் நிலையில் வையுங்கள். ஈஎஸ்சியின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே தொட்டால் கெப்பாசிட்டர் நிரம்பும் வரை ஒரு கணம் பீப் வந்து நின்றுவிடலாம். நிற்காமல் கத்தினால் எங்கோ ஷார்ட். இரு பேட்டரி முனைகளுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பீப் வரக் கூடாது. மோட்டாரின் ஏ, பி, சி முனைகளுக்கு இடையே மட்டும் எப்போதும் பீப் வரும். அது பழுது இல்லை, உள்ளே இருக்கும் சுருளின் மின்தடை அவ்வளவு குறைவு. அந்த முனைகளுக்கும் மோட்டாரின் உலோகக் கூட்டுக்கும் நடுவே பீப் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வண்டியை மேடைமேல் ஏற்றிச் சக்கரங்கள் காற்றில் இருக்கும்படி வையுங்கள். முதலில் கையில் உள்ள டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள், பிறகு வண்டியை. அணைக்கும்போது இது தலைகீழ். திசையை முழுக்க இருபுறமும் திருப்புங்கள். கடைசியில் சர்வோ உறுமினால் டிரான்ஸ்மிட்டரில் எல்லையைக் குறையுங்கள், இல்லையேல் அது பிஈசியைத் தொடர்ந்து உறிஞ்சும். சிக்னல் அறுந்தால் வேகம் நடுநிலைக்கோ பிரேக்குக்கோ போகும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை ஒருமுறை அணைத்தே சோதியுங்கள். சஸ்பென்ஷனை அடி வரை அழுத்தி, ஸ்பர் கியரைக் கையால் சுற்றி, ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள்.

ஓடத் தொடங்கியபின் வரும் கோளாறுகள் பெரும்பாலும் வயரிங்கையே சுட்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மோட்டார் திக்கினால் சென்சர் கேபிள். வேகம் கொடுக்கும்போது சக்கரங்கள் தாமாகத் துடித்தால், ரிசீவர் பிளக் தளர்ந்திருக்கிறது அல்லது சர்வோ இழுக்கும் இழுப்பை பிஈசி தாங்கவில்லை. தூரத்தில் மட்டும் கட்டுப்பாடு போனால் ஆன்டெனா. ஓட்டத்தின் நடுவே எல்லாம் அணைந்து மறுபடி உயிர்பெற்றால், பேட்டரி புல்லட்டின் சால்டரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

முதல் ஐந்து நிமிட ஓட்டம் முடிந்த உடனே வண்டியை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொரு சால்டர் இணைப்பையும் அதன் பக்கத்து வயரையும் அளந்து பாருங்கள். ஈஎஸ்சி, மோட்டார் முனைகள் அந்தப் பெட்டிகளின் சூட்டையே வாங்கிக்கொள்ளும், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். புல்லட்டுகளில் ஒன்று மட்டும் தன் வயரைவிடவும் மற்றதைவிடவும் தெளிவாகச் சூடாக இருந்தால், அன்றைக்கே அதை உருக்கித் திரும்ப வையுங்கள்.